பணம் யாருடைய கணக்கில் வருகிறது? பகாவ் வட்டாரத் தோட்டப் பள்ளி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ஜெம்போல் மாவட்டத்தில் இருக்கும் பகாவ், ரப்பரால் உருவாகிச் செம்பனையால் பிழைத்துக்கொண்ட ஊர். கெமாஸிலிருந்து தும்பாட் வரை செல்லும் கிழக்குக்கரை இரயில் பாதை இவ்வூரின் வழியே போகிறது. வட்டாரத்திலுள்ள தமிழ்ப்பள்ளிகளில் பல, தோட்டத்தின் பெயரையே இன்றும் தம் பெயராகக் கொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றுக்கு வந்த மானியத்தை எதற்குச் செலவிடுவது என்பதில் பெற்றோருக்கு இடமில்லாமல் போனதும், பின்னர் அவர்கள் ஓரளவு இடம் பெற்றதும் இங்கே ஆராயப்படுகின்றன. பள்ளியின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். சம்பந்தப்பட்ட எல்லோரும் இன்னும் ஒரே சந்தையில் காய்கறி வாங்குகிறவர்கள். கோயில் திருவிழாவில் ஒரே பந்தியில் உட்காருகிறவர்கள்.

பள்ளியில் 150க்கும் குறைவான மாணவர்களே படிக்கிறார்கள். கல்வி அமைச்சின் வகைப்பாட்டில் இது குறைந்த மாணவர் பள்ளி. கட்டடம் தோட்ட நிலத்தில் நிற்கிறது என்றாலும் பிள்ளைகளில் பெரும்பாலோர் தோட்டத்தில் வசிப்பவர்கள் அல்லர். லயன் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்களே மிகுதி. தமிழ்க் குடும்பங்கள் தாமான் எனப்படும் நகரத்துக் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டதால், பாட்டன் பால்மரம் வெட்டிய தோட்டத்துக்குப் பேரப்பிள்ளை காலையில் வேனில் வந்து, மதியம் வேனில் திரும்புகிறது. இந்த இடப்பெயர்வு வெறும் பின்னணித் தகவல் அன்று. தோட்டத்தில் எல்லோரும் ஒன்றாக வாழ்ந்தபோது, பள்ளியில் நடப்பது மாலைக்குள் லயன் முழுவதும் தெரிந்துவிடும். பெற்றோர் ஐந்தாறு தாமான்களில் சிதறிய பிறகு, பள்ளி சொல்லி அனுப்பினால்தான் அவர்களுக்குச் செய்தி என்ற நிலை வந்தது.

ஓர் ஆண்டின் இறுதி மாதங்களில் பள்ளிக்கு ஒருமுறை மட்டும் தரப்படும் மானியம் ஒன்று கிடைத்தது. அதைக் கொண்டு ஒரு வகுப்பறை குளிர்சாதன வசதியோடு கணினி அறையாக மாற்றப்பட்டது. பெற்றோருக்கு விவரம் தெரிந்தது திறப்புவிழா அழைப்பிதழ் கைக்கு வந்தபோதுதான். அந்த நேரத்தில் மாணவியர் கழிப்பறைகளில் ஒன்று பூட்டிக் கிடந்தது. முதலாம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் படிக்கும் பழைய கட்டடம் மழைக்கு ஒழுகியது. புதிய அறையிலும் ஒரு சிக்கல் வெளிப்பட்டது. பள்ளியின் மின்கம்பி இணைப்பு பழையது. குளிர்சாதனமும் எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் இயங்கினால் மின்சாரம் நின்றுபோனது. ஆகவே பாதிக் கணினிகளை மட்டும் போட்டுப் பாடம் நடத்தினார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இதில் யாரும் பணத்தைக் கையாடவில்லை. கணினிகள் வந்திறங்கின, ரசீதுகள் இருந்தன, கணக்காய்வில் குற்றம் எதுவும் சொல்லப்படவில்லை. பள்ளிப் பணம் என்றாலே முறைகேட்டைத் தேடும் பழக்கம் நம்மிடையே வலுத்திருப்பதால், பணம் ஒழுங்காகச் செலவானால் கேட்பதற்கு வேறொன்றும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். இந்தப் பள்ளியின் பெற்றோர் கேட்டது வேறு: ஒழுங்காகச் செலவான பணம், ஏன் முதலில் தேவைப்பட்டதற்குச் செலவாகவில்லை?

நான்கு கணக்குகள்

அதற்கு விடை காண, ஓர் உதவிபெறும் தமிழ்ப்பள்ளிக்குப் பணம் எந்தெந்த வழியில் வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் அரசாங்கப் பள்ளி, அரசாங்க உதவிபெறும் பள்ளி என இரு வகை உண்டு. தோட்ட நிலத்திலோ பிற தனியார் நிலத்திலோ நிற்பவை பெரும்பாலும் இரண்டாம் வகை. ஆசிரியர் சம்பளத்தை இரு வகைக்கும் அரசாங்கமே தருகிறது; அந்தப் பணம் பள்ளியின் கைக்கே வருவதில்லை. கட்டடமும் பராமரிப்பும் என்று வரும்போதுதான் வேறுபாடு தெரியும். நிலம் அரசாங்கத்தினுடையது அல்ல என்பதால், நிரந்தரக் கட்டடம் எழுப்புவதற்கு முதலில் நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும்.

பள்ளியின் கைக்கு வரும் பணத்தில் முதலாவது அரசாங்க நிதிக் கணக்கு. பாடவாரியாகத் தலைக்கு இவ்வளவு என்று வரும் தலைவீத மானியமும், மின்சாரம், தண்ணீர் போன்ற தொடர்செலவுகளுக்கான ஒதுக்கீடும் இதில் சேரும். இதைத் தலைமையாசிரியர் கருவூல விதிகளின்படி, எந்தத் தலைப்பில் வந்ததோ அந்தத் தலைப்பில் செலவிட வேண்டும். அறிவியல் பாடத்துக்கு வந்த பணத்தில் கழிப்பறைக் கதவு மாட்ட முடியாது. இரண்டாவது, ஆசிரியர்கள் ‘சுவா’ என்று சுருக்கமாகச் சொல்லும் பொது நன்கொடைக் கணக்கு. சிற்றுண்டிச்சாலை வாடகை போன்ற வரவுகள் இதில் விழும். மூன்றாவது பள்ளி மேலாளர் வாரியத்தின் கணக்கு. நான்காவது பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கணக்கு.

பெற்றோருக்குச் சட்டப்படி உறுதியான உரிமை உள்ளது நான்காவதில் மட்டுமே. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் 1998இல் வந்த விதிமுறைகள்தாம் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களை ஆள்கின்றன. தலைவர் பெற்றோரில் ஒருவர், தலைமையாசிரியர் ஆலோசகர், ஆண்டுக்கொரு பொதுக்கூட்டம், அதில் கணக்கறிக்கை. அதே விதிமுறைகள் சங்கம் பள்ளி நிர்வாகத்தில் தலையிடலாகாது என்ற எல்லையையும் வகுக்கின்றன. பெற்றோர் முழு உரிமையோடு பேசக்கூடிய இந்தக் கணக்குத்தான் நான்கிலும் மிகச் சிறியது. 2012ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் தொடக்கப்பள்ளிக்கு 24.50 ரிங்கிட், இடைநிலைப்பள்ளிக்கு 33.50 ரிங்கிட் என்றிருந்த பள்ளிக் கட்டணம் நீக்கப்பட்ட பின்னர், ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோர் கட்டுவது சங்கத்துக்கான நன்கொடைதான். அதைக் கட்டாயப்படுத்த முடியாது. பலர் இன்னும் அதைப் பள்ளிக் கட்டணம் என்றே சொல்கிறார்கள். சொல்வதோடு நின்றால் பரவாயில்லை; அதைக் கட்டிவிட்டதால் பள்ளியின் எல்லாச் செலவிலும் தமக்குப் பங்குண்டு என்றும் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் நியாயமானது. விதிமுறையில்தான் அதற்கு இடமில்லை.

கணினி அறைக்கான மானியம் வந்தது மூன்றாவது கணக்கில், அதாவது வாரியத்தின் கணக்கில்.

வாரியம் வந்த வழி

மலாயாவில் தமிழ்க் கல்வி 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் ஒரு வகுப்பாகத் தொடங்கியது. தோட்டப் பள்ளிகளின் கதை அதிலிருந்து வேறுபட்டது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் முதலாளி பள்ளி வைத்துத் தர வேண்டும் என்றது. தோட்ட நிர்வாகம் தந்த கொட்டகையில், பல இடங்களில் எழுத்தரான கிராணியோ தொழிலாளர்களை மேற்பார்த்த கங்காணியோ கற்பிக்க, பள்ளி நடந்தது. தோட்ட மேலாளரே பள்ளியின் மேலாளரும் ஆனார். எழுத்தறிவுக்கும் மேலாகத் தொழிலாளியைத் தோட்டத்தில் தக்கவைப்பதே அந்தப் பள்ளிகளின் முதன்மைப் பயன் என்று சொன்னால் அது மிகையாகாது.

இன்றைய மேலாளர் வாரியம் அந்த ஏற்பாட்டின் வழித்தோன்றல். சட்டப்படி அதில் அறங்காவலர்கள், புரவலர்கள், முன்னாள் மாணவர்கள், பெற்றோர்கள் ஆகிய தரப்புகளின் பிரதிநிதிகளும் கல்வித்துறை நியமிப்பவர்களும் இருக்க வேண்டும். சீனப்பள்ளிகளில் வாரியம் என்பது ஊர் வணிகர்களின் பெருமைக்குரிய பதவி. பகாவ் போன்ற ஊர்களிலும் சீனப்பள்ளி வாரியம் விருந்து வைத்தால் ஒரே இரவில் கணிசமான தொகை சேரும். தோட்டத் தமிழ்ப்பள்ளி வாரியங்களோ பல இடங்களில் பெயரளவில் இருந்தன. தோட்டம் கைமாறியபோது சில முற்றாக உறங்கிப்போயின. பின்னாளில் மானியங்கள் வரத் தொடங்கியபோது அவற்றைப் பெற்றுக்கொள்ள ஓர் அமைப்பு வேண்டியிருந்ததால், வாரியங்கள் மீண்டும் உயிர்பெற்றன. சிலாங்கூர், பினாங்கு மாநில அரசுகள் 2008க்குப் பிறகு தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்கின. 2012ஆம் ஆண்டுக்கான கூட்டரசு வரவுசெலவுத் திட்டத்தில் தமிழ்ப்பள்ளிகளின் கட்டுமானத்துக்கும் பராமரிப்புக்கும் 10 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. இவற்றைத் தவிர சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் தொகுதி ஒதுக்கீடுகள், நிறுவனங்களின் நன்கொடைகள் என்று சிறு சிறு தொகைகளும் உண்டு.

நாம் பார்க்கும் பள்ளியின் வாரியத்தில், நகரில் தொழில் செய்யும் முன்னாள் மாணவர்களே செயலாற்றினார்கள். பெற்றோருக்குரிய இடங்களும் நிரம்பித்தான் இருந்தன. ஆனால் அவற்றில் இருந்தவர்கள் பொதுக்கூட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். வாரியத் தலைவரும் அப்போதைய தலைமையாசிரியரும் பேசி வைத்த பெயர்கள். அவர்களில் ஒருவருடைய பிள்ளை பள்ளியை விட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போய் மூன்று ஆண்டாகியிருந்தது.

பொதுக்கூட்டத்தில் எழுந்த கேள்வி

திறப்புவிழாவுக்குப் பின் வந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், சங்கத்தின் பொருளாளராக இருந்த ஒரு தாய் கணக்கறிக்கையை வாசித்தார். நகரத்து வன்பொருள் கடையொன்றில் கணக்கெழுதுபவர் அவர். வாசித்து முடித்ததும், கணினி அறைச் செலவு இந்த அறிக்கையில் ஏன் இல்லை என்று ஒரு தகப்பனார் கேட்டார். அது வாரியத்துப் பணம், சங்கத்துக்கு வராது என்று பதில் வந்தது. அப்படியானால் வாரியத்தின் கணக்கை எங்கே பார்ப்பது என்ற அடுத்த கேள்விக்கு மேடையில் இருந்த யாருக்கும் விடை தெரியவில்லை. வாரியத் தலைவர் அன்று வரவில்லை. வர வேண்டும் என்ற கட்டாயமும் அவருக்கு இல்லை. கூட்டத்தில் சிலர் குரலை உயர்த்தினார்கள், தலைமையாசிரியர் சங்கடப்பட்டார், சிற்றுண்டி பரிமாறப்பட்டுக் கூட்டம் கலைந்தது. பெரும்பாலான பள்ளிகளில் இத்தகைய விவகாரம் இந்தச் சிற்றுண்டியோடு முடிந்துவிடும்.

இங்கே முடியாததற்குக் காரணம் பொருளாளரின் தொழிற்பழக்கம் என்றே நினைக்கிறேன். குற்றம் சாட்டாமல், ஒரே பக்கத்தில் நான்கு கணக்குகளின் வரவையும் செலவையும் தமிழில் எழுதித் தர முடியுமா என்று அவர் தலைமையாசிரியரிடம் கேட்டார். பள்ளியின் நிதி ஆவணங்கள் மலாயில், தலைப்புக் குறியீடுகளோடு இருக்கும். மலாய் நன்கு தெரிந்த பெற்றோருக்கும் அந்தப் படிவம் எளிதில் பிடிபடாது.

தலைமையாசிரியர் உடனே இணங்கவில்லை. அவருடைய தயக்கத்தைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது சரியாகாது. 1957ஆம் ஆண்டு நிதி நடைமுறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்கீழ், அரசாங்கப் பணத்துக்கு இழப்பு நேர்ந்தால் பொறுப்பான அலுவலரிடமே அத்தொகையை வசூலிக்க முடியும். பெற்றோர் சொன்னார்கள் என்பதற்காக ஒரு தலைப்பின் பணத்தை வேறொன்றுக்கு மாற்றிவிட்டால், கணக்காய்வின்போது விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர். கைதட்டி ஆதரித்த பெற்றோர் எவரும் அங்கே இருக்க மாட்டார்கள். பதவி உயர்வும் இடமாற்றமும் கல்வி இலாகாவின் கையில் இருக்கும் ஓர் அரசு ஊழியர், பொதுக்கூட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பதாகக் காட்டிக்கொள்ளத் தயங்குவது இயல்பே.

சில வாரப் பேச்சுக்குப் பிறகு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. முடிவெடுக்கும் அதிகாரம் எங்கும் இடம் மாறாது. அரசாங்க நிதிக் கணக்கை அவர் தலைப்புவாரியாகச் சுருக்கித் தருவார். பெற்றோர் பார்க்கலாம், கேட்கலாம், ஆனால் தீர்மானம் போட முடியாது. வாரியக் கணக்கைத் தரும்படி வாரியத் தலைவரிடம் அவரே பேசுவார். வாரியத் தலைவரும் மறுக்கவில்லை. யாரும் கேட்டதில்லை, அதனால் தந்ததில்லை என்பது அவர் தரப்பு. அதில் ஓரளவு உண்மையும் இருந்தது.

விலைப்புள்ளி யாரிடம் இருந்தது

அந்த ஒரு பக்கத் தாள் வெளிவந்த பிறகுதான் கணினி அறை எப்படித் தெரிவானது என்பது புலப்பட்டது. மானியம் வருகிறது என்ற செய்தி ஆண்டின் கடைசிக் காலாண்டில் வந்தது. அரசாங்க நிதியாண்டு டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குள் செலவைக் காட்டாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும் என்ற அச்சம் எல்லோரையும் பற்றிக்கொண்டது. கழிப்பறையையோ கூரையையோ எடுத்திருந்தால், குத்தகையாளரை அழைத்து அளந்து, விலைப்புள்ளி வாங்கி, தோட்ட நிர்வாகத்திடம் கடிதம் பெற்று வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். கணினிகளுக்கோ, முன்பே பள்ளிக்கு வந்து பேசிவிட்டுப் போன விற்பனையாளர் ஒருவரின் விலைப்புள்ளி மேசைமேல் தயாராக இருந்தது. முடிவெடுக்கக் கூடியிருந்த நால்வரும் எது முக்கியம் என்று வாதிடவே இல்லை. எது முடியும் என்று மட்டும் பார்த்தார்கள்.

இந்த நிகழ்விலிருந்து எனக்குக் கிடைக்கும் முதன்மையான பாடம் இதுதான். பள்ளிச் செலவில் பெற்றோருக்குக் குரல் வேண்டும் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் வாக்குரிமையையும் கூட்டத்தில் இருக்கையையும் நினைத்துப் பேசுகிறார்கள். அன்று ஒரு பெற்றோர் பிரதிநிதி அந்த மேசையில் இருந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது; அவரும் கணினிக்கே கை உயர்த்தியிருப்பார். பணம் வரும் முன்பே தேவைகள் வரிசைப்படுத்தப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் விலைப்புள்ளி கையில் இருந்திருந்தால் மட்டுமே முடிவு வேறாகியிருக்கும். தாமதமாக வரும் மானியம், தயாராக இருப்பவனிடமே போய்ச் சேரும்.

பெற்றோர் இதைப் புரிந்துகொண்டார்கள். சங்கமும் வாரியமும் சேர்ந்து ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு தேவைப் பட்டியல் தயாரிப்பது என்றும், பட்டியலின் முதல் சில வேலைகளுக்கு விலைப்புள்ளிகளைச் சங்கமே திரட்டி வைப்பது என்றும் முடிவானது. விலைப்புள்ளி திரட்டுவது நிர்வாகத்தில் தலையிடுவதாகாது, அது உதவி. தலைமையாசிரியருக்கும் அது பாதுகாப்பாகவே இருந்தது. பெற்றோரில் ஒருவர் கட்டுமானத் தொழிலில் இருந்தார், ஒருவர் மின்பணியாளர். அளப்பதற்கு வெளியாள் தேவைப்படவில்லை.

பட்டியலில் யாருடைய தேவை

பட்டியல் தயாரிக்க அழைக்கப்பட்ட முதல் கூட்டம் ஓரளவு தோல்வி என்றே சொல்ல வேண்டும். சனிக்கிழமை காலையில் வைத்த கூட்டத்துக்கு வந்தவர்கள் கார் வைத்திருப்பவர்கள், அரசாங்க வேலையில் இருப்பவர்கள், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோர். அவர்கள் முதலிடம் கொடுத்தது மாலை நேரக் கூடுதல் வகுப்புகளுக்கு. ஆறாம் ஆண்டில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். பொதுத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் தேர்வு வகுப்புக்குச் செலவழிப்பதே பள்ளிக்குச் செய்யும் நன்மை என்ற பழக்கம் மறையவில்லை. கழிப்பறை மூன்றாம் இடத்துக்குப் போனது. கூரை அதற்கும் கீழே. பெற்றோர் கேட்டால் சரியானதையே கேட்பார்கள் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அந்த அறையில் இருந்த பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்குத் தேவையானதைக் கேட்டார்கள். ஒழுகும் கட்டடத்தில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார்கள் அன்று தொழிற்சாலை முறைவேலையில் இருந்தார்கள்.

பட்டியலை அப்படியே ஏற்பதா, மறுபடி கேட்பதா என்ற விவாதத்தில் சங்கத் தலைவர் முதலாவதன் பக்கம் நின்றார். அழைத்தோம், வந்தவர்கள் முடிவு செய்தார்கள், வராதவர்களுக்காகக் காத்திருந்தால் எதுவும் நடக்காது என்றார். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் ஓர் ஆசிரியை வேறு யோசனை சொன்னார். மதிப்பீட்டு அறிக்கையைப் பெற்றுக்கொள்ளும் நாளில் ஏறக்குறைய எல்லாப் பெற்றோரும் வருகிறார்கள். வராவிட்டால் பிள்ளையின் அறிக்கை கிடைக்காது. அன்று வகுப்பறை வாசலில், எட்டு வேலைகளை எழுதிய தாளில் மூன்றைக் குறிக்கச் சொன்னால் போதும். எழுத்துப் பழக்கம் குறைந்த பாட்டிமாருக்கு ஆசிரியரே வாசித்துக் காட்டுவார்.

அப்படியே செய்தார்கள். இம்முறை மாணவியர் கழிப்பறை முதலிடத்திலும் மின்கம்பி மாற்றம் இரண்டாம் இடத்திலும் வந்தன. எவரும் எதிர்பாராத ஒன்று மூன்றாம் இடத்தைப் பிடித்தது: பள்ளி வாசலில் வேன் நிற்கும் இடத்துக்கு ஒரு கூரை. மழையில் வேனுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளை அலுவலக அறையிலிருந்து பார்க்க முடியாது. பாட்டிமார் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பழைய கட்டடத்தின் கூரை அதற்கடுத்த இடத்தில் நின்றது. கூடுதல் வகுப்புகள் பட்டியலில் இருந்து நீங்கிவிடவில்லை. அவற்றைச் சங்கத்தின் சொந்தப் பணத்தில் நடத்துவது என்று பிரித்துக்கொண்டார்கள். நான்கு கணக்குகளும் ஒரே தாளில் தெரிந்ததால்தான் இந்தப் பிரிவினை முடிந்தது. எந்தப் பணத்தில் எதைச் செய்யலாம் என்ற தெளிவு வந்ததும், வாக்குவாதத்தில் பாதி தானே அடங்கிவிட்டது.

அடுத்து வாரியத்துக்கு வந்த சிறு ஒதுக்கீடு ஒன்று கழிப்பறைக்கும் மின்கம்பிக்கும் போனது. விலைப்புள்ளிகள் தயாராக இருந்தன. பள்ளிக் கழிப்பறைகளைச் சீரமைக்கும் பணியை 2023இல் கூட்டரசு நாடெங்கும் முடுக்கிவிட்டபோது, தங்கள் பள்ளியின் வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்பதில் பெற்றோருக்கு ஒரு சிறு பெருமையும் இருந்தது. வேன் கூரையைத் தாமான்வாசி ஒருவர் பொருளாகவும் பெற்றோர் உழைப்பாகவும் தந்து முடித்தார்கள்.

பழைய கட்டடத்தின் கூரை மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு ஒட்டுப்போடுவது போதாது. மரச்சட்டங்கள் உளுத்துவிட்டன, முழுவதும் மாற்ற வேண்டும். அதற்கு நில உரிமையாளரான நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதம் தேவை. நிறுவனத்தின் தலைமையகம் வேறு ஊரில் இருக்கிறது. உள்ளூர் மேலாளர் கடிதத்தை மேலிடத்துக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்கிறார். பெற்றோரின் குரல் எட்டாத எல்லை இது. பட்டியலும் விலைப்புள்ளியும் பணமும் இருந்தாலும், நிலம் பிறர் கையில் இருக்கும்வரை கூரை அவர்கள் விருப்பத்துக்கு மாறாது.

வேறிடங்களில் சட்டம் சொல்வது

மலேசியாவின் கொள்கை ஆவணங்களில் பெற்றோர் ஈடுபாடு என்ற சொல் இல்லாமல் இல்லை. 2013 முதல் 2025 வரையிலான கல்விப் பெருந்திட்டம் பெற்றோரையும் சமூகத்தையும் பள்ளியோடு இணைப்பதை வலியுறுத்தியது. ‘சாரானா’ என்ற பெயரில் பெற்றோருக்கும் பள்ளிக்கும் வழிகாட்டிகளும் வெளிவந்தன. அவற்றின் நோக்கம் பெரும்பாலும் வீட்டில் பிள்ளையின் படிப்புக்குத் துணைநிற்பது, பள்ளியோடு தொடர்பில் இருப்பது என்பவையே. பணத்தை எதற்குச் செலவிடுவது என்பது அந்த ஈடுபாட்டுக்குள் வரவில்லை.

தமிழ்நாட்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். இந்தியாவின் 2009ஆம் ஆண்டு இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய பங்கு தரவும் சொல்கிறது. பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பதும், அரசிடமிருந்தும் பிற வழிகளிலும் வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் அக்குழுவின் கடமைகள். அதாவது, பகாவில் பெற்றோர் பேசிப் பேசிப் பெற்ற தேவைப் பட்டியல், அங்கே சட்டத்தின் வரியாகவே இருக்கிறது. சட்டத்தில் இருப்பதெல்லாம் பள்ளியில் நடக்கிறது என்று பொருளல்ல; தலைமையாசிரியர் நீட்டும் பதிவேட்டில் கையெழுத்திட்டுப் போகும் குழுக்களும் அங்கே உண்டு. ஆனால் கேட்க விரும்பும் தாய்க்குக் காட்டுவதற்கு ஒரு பிரிவின் எண் இருக்கிறது.

அமெரிக்காவில் வறிய பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளுக்கு வழங்கும் ‘டைட்டில் 1’ கூட்டரசு நிதியில், 500,000 டாலருக்கு மேல் பெறும் கல்வி மாவட்டம் குறைந்தது 1 விழுக்காட்டைப் பெற்றோர் ஈடுபாட்டுக்கென ஒதுக்க வேண்டும். அதை எப்படிச் செலவிடுவது என்ற முடிவில் பெற்றோரைச் சேர்த்துக்கொள்ளவும் வேண்டும். 1 விழுக்காடு பெரிய தொகையல்ல என்றாலும், பெற்றோர் எந்தப் பணத்தைப் பற்றிப் பேசலாம் என்பது அங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. எழுதி வைப்பதன் பயனை இந்த ஆய்வின் எஞ்சிய பகுதி காட்டும்.

தலைமையாசிரியர் மாறியபோது

இந்த ஏற்பாடு முழுவதும் மூன்று பேரின் நல்லெண்ணத்தில் நின்றது: பொருளாளர், தலைமையாசிரியர், வாரியத் தலைவர். தலைமையாசிரியருக்கு இடமாற்றம் வந்தபோது அது எவ்வளவு மெல்லிய பிடி என்பது தெரிந்தது. புதிதாக வந்தவர் நேர்மையானவர், கண்டிப்பானவர். அரசாங்க நிதிக் கணக்கின் சுருக்கத்தைப் பெற்றோருக்குத் தர வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையில் இருக்கிறது என்று கேட்டார். எதிலும் இல்லை. அந்த ஆண்டு தாள் வரவில்லை.

பெற்றோரில் சிலர் உடனே மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் புகார் எழுத விரும்பினார்கள். பொருளாளர் தடுத்தார். அவருடைய கணிப்பு சரியென்றே எனக்கும் படுகிறது: புகார் போனால் தலைமையாசிரியர் விதிமுறையின் எழுத்துக்குள் ஒதுங்கிக்கொள்வார், அந்த எழுத்து பெற்றோருக்குச் சாதகமானது அல்ல. அதற்குப் பதிலாக வாரியத்தின் பக்கம் திரும்பினார்கள். வாரியக் கணக்கு அரசாங்கப் பணத்தின் அதே கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டதல்ல. ஒருமுறை மானியங்கள் வருவதும் அங்கேதான். வாரியக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் நிறைவேறிக் குறிப்பேட்டில் ஏறின. வாரியத்துக்கு வரும் எந்த மானியமும் நடப்பிலுள்ள தேவைப் பட்டியலின் வரிசைப்படியே செலவாகும். விலகினால் காரணம் எழுதப்படும். ஆண்டுக் கணக்கின் நகல் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் வைக்கப்படும். புதிய தலைமையாசிரியருக்கு இதில் மறுப்பு இல்லை. எழுத்தில் இருப்பதை அவர் மதித்தார்; ஆகவே எழுத்தில் வைத்ததே அவரிடம் எடுபட்டது. அரசாங்கக் கணக்கின் சுருக்கத்தை இன்னும் அவர் தரவில்லை. கேட்டால் வாய்மொழியாகச் சொல்கிறார்.

பெரிய கணக்கை விட்டுவிட்டு மூன்றாவது கணக்கோடு திருப்தியடைந்துவிட்டார்கள் என்று இதைக் குறைகூற இடமுண்டு. தலைவீத மானியம் பெருமளவு மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால், எண்ணிக்கை குறைந்துவரும் இத்தகைய பள்ளியில் அந்தப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்பதே வரும் ஆண்டுகளின் பெரிய கேள்வியாக இருக்கும். அதில் பெற்றோருக்கு இப்போது பார்வையாளர் இடம்கூட இல்லை. அது ஒரு பள்ளியின் குறிப்பேட்டில் தீரக்கூடியதல்ல. 1998ஆம் ஆண்டு விதிமுறைகளைத் திருத்தினால்தான் தீரும். கணக்கைப் பார்க்கும் உரிமையையும் நிர்வாகத்தில் தலையிடுவதையும் அந்த விதிமுறைகள் தெளிவாகப் பிரித்துக் காட்டினாலே, தயங்கும் தலைமையாசிரியர்களில் பலருக்குத் துணிவு வந்துவிடும்.

இப்போது பெற்றோர் எடுத்திருக்கும் அடுத்த விவகாரம் வாரியத்திலுள்ள பெற்றோர் இடங்கள். நடப்பு வாரியத்தின் பதவிக்காலம் முடியப்போகிறது. பேசி வைத்த பெயர்களை அனுப்பாமல், சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் தேர்ந்தெடுத்தவர்களையே முன்மொழிய வேண்டும் என்றும், பிள்ளை பள்ளியை விட்டுப் போனதும் இடத்தை விட்டுத்தர அவர்கள் எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். வாரியத் தலைவர் முதலாவதை ஏற்றுக்கொண்டார். இரண்டாவதைப் பற்றி, தம் நண்பர் ஒருவர் இன்னும் அந்த இடத்தில் இருப்பதால், அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்.